பேணியில் வரும் ஊக்கம்

விழா மலர்களுக்கு எழுதப் புகுவோர் கல்லூரியின் பழம்பெருமை கூறுதலும், மறைந்த ஆசிரியர்களை நினைவுகூர்தலும் மரபு. அம்மரபினைப் போற்றி எழுதுவோர் இம்மலரிலே பலர் உளர். ஆதலின், யான் வேறொரு பொருளை எடுத்துக்கொள்வதனால் மலருக்குக் குறைவொன்றும் வாராதென எண்ணுகிறேன். பொருளோ மங்கலமானதன்று. ஆயினும், பழைய மாணவர், இன்றைய மாணவர், ஆசிரியர் ஆகிய மூவர் கையிலும் ஒருங்கே செல்லும் ஏடு இதனைவிட வேறில்லை. மூவருக்கும் ஒருங்கே சொல்லவேண்டிய செய்தி இது.

எமது பழைய மாணவர் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் வாழ்கின்றனர். கல்லூரியை அவர்கள் மறக்கவில்லை. நூலகத்துக்கு நூல்கள், விஞ்ஞானகூடத்துக்குக் கருவிகள், விளையாட்டுத் துறைக்குப் பந்துகளும் காலணிகளும் ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கின்றன. அண்மைக் காலத்தில் இவற்றோடு வேறொரு பொருளும் வரத் தொடங்கியுள்ளது. பால்மாப் பேணியிலும் பெரிய பேணி, கறுப்பு நிறம், மேலே தசை திரண்ட ஒரு தோளின் படம், கீழே, இயற்கை மூலிகைகளால் ஆயது என்ற வாசகம். பயிற்சிக்குச் செல்லுமுன் ஒரு கரண்டி நீரிற் கலந்து குடித்தால் களைப்பின்றி ஓடலாமாம், உடற்கொழுப்பும் உருகுமாம். துடுப்பாட்டப் பெருஞ்சமர் நெருங்கும்போதும், மெய்வல்லுநர் போட்டி நெருங்கும்போதும் இப்பேணிகளுக்கு மதிப்பு உயர்கிறது. பேணி அனுப்புவோரின் அன்பினை யான் ஐயுறவில்லை. பேணியை ஐயுறுகிறேன்.

ஒன்றை முதலிலேயே பிரித்துக் கூறுதல் நேர்மை. பாலிலிருந்து எடுக்கப்படும் புரதப் பொடி வேறு. இங்கு யான் பேசும் ஊக்கப் பொடி வேறு. முன்னது உணவின் இனம். அதனை வாங்கும் பணத்துக்கு முட்டையும் பயறும் கச்சானும் வாங்கலாமே என்பதன்றி, அதன்மீது எனக்குப் பெரிய வழக்கில்லை. பின்னது உணவன்று, இருதயத்தையும் நரம்பினையும் தொடும் மருந்து. இரண்டும் ஒரே வடிவப் பேணியில், ஒரே கடையில், ஒரே தட்டில் விற்கப்படுவதே முதற் கேடு.

தமிழாசிரியன் வைத்தியம் பேசலாமோ எனச் சிலர் நகைக்கலாம். யான் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். எம்மவர் வாயிலே மருந்து என்னும் சொல் வழங்குமாற்றை நோக்குக. பரியாரியார் தருவதும் மருந்து. வெங்காயத் தோட்டத்திலே பூச்சிக்கு அடிப்பதும் மருந்து. தோட்டக்காரர் எவரும், “நஞ்சு அடிக்கப் போகிறேன்” என்று சொல்வதில்லை. இதனைச் சொற்குற்றம் என்று முன்னர்ச் சில ஆசிரியர் திருத்துவதுண்டு. யான் திருத்துவதில்லை. வேலை செய்யும் பொருள் எதுவும் வேண்டாத வேலையையும் செய்யவல்லது என்ற அறிவு அவ்வழக்கிலே பொதிந்து கிடக்கிறது. ஆனால், மூலிகை என்னும் சொல்லுக்கு அந்தக் காவல் இல்லாது போயிற்று. அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தே துளசியும் தூதுவளையும் வல்லாரையும் எம் நினைவுக்கு வருகின்றன, அச்சம் அகன்றுவிடுகிறது. பேணியிற் படம் வரைந்தவன் இதனை நன்கறிவான்.

எமது வேலிகளிலேயே அலரி நிற்கிறது. அதன் கொட்டை இருதயத்தின் துடிப்பைக் குலைத்துவிடுமென்பது யாழ்ப்பாணத்து வைத்தியசாலைகள் நெடுங்காலமாக அறிந்து வருந்தும் உண்மை. அதுவும் இயற்கையே. மழைக்காலத்திலே பற்றைகளிற் பூத்துக் கண்ணைக் கவரும் கார்த்திகைப் பூவின் கிழங்கிலே கொல்சிசின் என்னும் பொருள் உண்டு. கணுவாதத்துக்கு அளவறிந்து கொடுத்தால் அது நோய் தீர்க்கும். அளவு தப்பினால் உயிர் போக்கும். எட்டிக்கொட்டை, நேர்வாளம், சேங்கொட்டை முதலியவற்றைச் சித்த மருத்துவர் வழங்காமலில்லை. ஆனால் சுத்தி செய்யாமல் அவற்றைத் தொடார். சுத்தி, அளவு, அனுபானம், பத்தியம், இத்தனை நாள் என்ற வரையறை, நோயாளியின் நாடியும் வயதும் ஆகிய இத்தனையும் கூடிய இடத்திலேதான் மூலிகை மருந்தாகிறது. பேணியிலே இவற்றுள் ஒன்றும் இல்லை. ஒரு கரண்டி உண்டு, அவ்வளவே. ஆகவே, ஊக்கப் பொடியை மறுப்பவன் நாட்டு வைத்தியத்தை இகழ்கிறான் என்று எவரும் கொள்ளற்க.

ஊக்க மூலிகைகளின் வரலாற்றிலே முதலிடம் பெறத்தக்கது எபெட்ரா. வறண்ட நிலத்திலே வளரும் சிறு செடி. இலையென்று சொல்லத்தக்க ஒன்றும் இன்றிக் கணுக்கணுவாகப் பசுந்தண்டுகள் மாத்திரம் நிற்கும். சீனர் இதனை மா ஹுவாங் என்பர். இழுப்பு, சளி, காய்ச்சல் முதலியவற்றுக்குப் பல நூற்றாண்டுகளாக அவர்தம் வைத்தியர் இதனைப் பிற சரக்குகளோடு சேர்த்துக் குடிநீராக வழங்கினர். வேதத்தில் வரும் சோமம் இச்செடியே எனச் சில ஆராய்ச்சியாளர் கூறுவர், பிறர் மறுப்பர். அவ்வழக்கிலே யான் புகவில்லை. யப்பானிய அறிஞர் நாகாய் நாகயோசி 1885ஆம் ஆண்டிலே இச்செடியிலிருந்து எபெட்ரின் என்னும் சத்தினைப் பிரித்தெடுத்தார். 1924ஆம் ஆண்டிலே பீக்கிங் நகரிற் பணியாற்றிய சென், சிமிது என்னும் இருவர் அதன் இயல்பினை ஆராய்ந்து வெளியிட்டனர். அதன்பின் உலகெங்கும் இழுப்பு நோய்க்கு எபெட்ரின் வழங்கப்பட்டது. பின்னர் அதனினும் தீங்கு குறைந்த மருந்துகள் வந்தமையால் அந்தப் பயன் பெரிதும் அருகிற்று.

எபெட்ரின் உடலிலே செய்வது யாது? ஆபத்து வந்துற்றபோது உடல் தானே சுரக்கும் நோரதிரனலினை, ஆபத்து இல்லாதபோதே வெளிப்படுத்துகிறது. இருதயம் விரைந்து அடிக்கிறது, இரத்தக் குழாய்கள் ஒடுங்குகின்றன, இரத்த அமுக்கம் ஏறுகிறது, மூச்சுக்குழல் விரிகிறது, பசி அடங்குகிறது, உறக்கம் அகல்கிறது, உடலில் வெப்பம் மிகுகிறது. முள்ளந்தண்டிலே மயக்கமருந்து ஏற்றிச் சத்திரசிகிச்சை செய்யும்போது நோயாளியின் இரத்த அமுக்கம் தாழ்ந்துபோனால், அதனை உயர்த்துதற்கு வைத்தியர் ஊசிமூலம் ஏற்றும் மருந்துகளுள் எபெட்ரினும் ஒன்று. அங்கே அருகில் வைத்தியர் நிற்கிறார். அமுக்கத்தைக் காட்டும் கருவி நிற்கிறது. இங்கே, அமுக்கம் தாழாத பதினேழு வயதுப் பையன் மைதானத்தின் ஓரத்திலே தானே கலந்து குடிக்கிறான். கபீன் சேரும்போது இவ்விளைவுகள் மேலும் மிகும். விற்பனைக்கு வந்த பேணிகளிற் பெரும்பாலானவற்றிலே இரண்டும் சேர்ந்தே இருந்தன.

இங்கே ஊக்கம் என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. எமது இரசாயனவியற் பாடநூல்களில் ஊக்கி என்பது தாக்கத்தை விரைவுபடுத்தியும் தான் செலவாகாத பொருள். பேணியிலுள்ள ஊக்கி அத்தகையதன்று. சவாரி மாட்டைத் துவரங்கம்பால் அடித்தால் மாடு விரைந்து ஓடும். ஆனால் அதற்குப் புல்லும் நீரும் கிடைத்துவிட்டதாக ஆகாது. களைப்பு என்பது உடல் அனுப்பும் செய்தி. அச்செய்தி வந்து சேராதபடி வழியை அடைத்துவிட்டால், செய்தி அனுப்பிய காரணம் இல்லாது போய்விடுமா?

இனி, இப்பொருள் பெருவாரியாக விற்கப்பட்ட நாட்டிலே நிகழ்ந்ததைக் காண்போம். ஐக்கிய அமெரிக்காவிலே 1994ஆம் ஆண்டு ஒரு சட்டம் நிறைவேறிற்று. உணவுக்குறைநிரப்பி என்ற பெயரால் விற்கப்படும் மூலிகைப் பொருளின் பாதுகாப்பை, விற்பனைக்கு முன்னர் நிறுவ வேண்டிய கடமை மருந்துக்கு இருப்பதுபோல் அதனைச் செய்வோனுக்கு இல்லை. அது தீங்கானதென்று காட்டும் பொறுப்பு அரசினுடையது என அச்சட்டம் வகுத்தது. மெலிவதற்கும் விளையாட்டுக்குமென எபெட்ராப் பொருள்கள் பெருகின. தீங்கு பற்றிய முறைப்பாடுகளும் பெருகின. 1997ஆம் ஆண்டிலே அந்நாட்டு உணவு மருந்து நிருவாகம், ஒருமுறைக்கு 8 மில்லிகிராம், நாளொன்றுக்கு 24 மில்லிகிராம் என்ற எல்லைக்குள் இருத்தல் வேண்டுமென விதி செய்ய முற்பட்டது. எதிர்ப்பு வலுத்தது. 2000ஆம் ஆண்டிலே அவ்வெல்லை கைவிடப்பட்டது.

அதே 2000ஆம் ஆண்டிலே இரு வைத்திய ஆய்வாளர், நிருவாகத்துக்கு வந்த 140 முறைப்பாடுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து வெளியிட்டனர். அவற்றுள் நூற்றுக்கு 31 பங்கு எபெட்ராவினால் நிச்சயமாகவோ பெரும்பாலுமோ நேர்ந்தவை. மேலும் நூற்றுக்கு 31 பங்கு அதனால் நேர்ந்திருக்கக்கூடியவை. அவ்விரு வகையிலும் 10 பேர் இறந்தனர். 13 பேர் நிலையான ஊனமுற்றனர். இரத்த அமுக்கம் ஏறுதல், நெஞ்சு படபடத்தல், மூளையில் இரத்தக் குழாய் அடைபடுதல் அல்லது வெடித்தல், வலிப்பு என்பன அவர்கள் கண்ட தீங்குகள். அக்காலத்திலேயே வேறொரு குழுவினர் 20 எபெட்ராப் பொருள்களை வாங்கிச் சோதித்தனர். பாதிப் பொருள்களிலே சுட்டுத்துண்டிற் கண்ட அளவுக்கும் உள்ளிருந்த அளவுக்கும் நூற்றுக்கு 20 பங்கின் மேலான வேறுபாடு இருந்தது. எழுதியதை நம்பி அளந்து குடிப்பவனுக்கும் அளவு இல்லை என்பது இதன் பொருள்.

பயனாவது இருந்ததா? அமெரிக்க அரசு கேட்டுக்கொண்டதற்கிணங்க அதுவரை நடந்த ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டி எடைபோட்ட அறிக்கை 2003ஆம் ஆண்டிலே வெளிவந்தது. வெற்றுக் குளிசை உண்டவரினும் எபெட்ரா உண்டவர் மாதமொன்றுக்கு ஏறத்தாழ 0.9 கிலோகிராம் கூடுதலாக மெலிந்தனராம். ஆறு மாதத்துக்கு அப்பால் அம்மெலிவு நிலைத்ததா என்பதற்குச் சான்று இல்லை. விளையாட்டுத் திறனை இம்மூலிகை வளர்க்கும் என்பதற்கும் தக்க சான்று காணப்படவில்லை. நெஞ்சுப் படபடப்பு, மனக்குழப்பம், குமட்டல் முதலியவை மாத்திரம் இரண்டு மூன்று மடங்காயின. இத்துணைச் சிறு பயனுக்காக இருதயத்தைப் பணயம் வைப்பதை யாம் வேறெந்தத் துறையிலும் அறிவுடைமை என்று சொல்லோம்.

அந்த ஆண்டு பெப்ரவரி மாதத்திலே புளோரிடாவில், பால்ரிமோர் ஓரியோல்ஸ் என்னும் அடிபந்தாட்டக் குழுவின் பயிற்சிக் களத்திலே ஸ்ரீவ் பெக்லர் என்னும் பந்தெறியாளர் ஓடிக்கொண்டிருந்தபோது தளர்ந்து வீழ்ந்தார். அவருக்கு வயது 23. உடல்வெப்பம் 108 பாகை பரனைற்று வரை ஏறிற்று. மறுநாள், 17ஆந் திகதி, இறந்தார். வெப்பத்தாக்கே மரணத்துக்குக் காரணம்; எபெட்ரா அதற்குத் துணைநின்றது என மரண விசாரணை வைத்தியர் கூறினார். உடற்பருமன், முன்பே இருந்த இரத்த அமுக்கம், ஈரற்கோளாறு, வெப்பத்துக்குப் பழகாமை, சரியாக உண்ணாமை ஆகியனவும் உடனிருந்தன. இவற்றைக் காட்டி எபெட்ராவைக் குற்றத்தினின்று விடுவிக்க முயன்றோர் உண்டு. யான் இவற்றை வேறு விதமாகவே நோக்குகிறேன். உடற்பருமன் குறைக்க விரும்புவோன்தான் பேணியை நாடுகிறான். மெலிவதற்காக அவன்தான் பட்டினி கிடக்கிறான். தனக்கு இரத்த அமுக்கம் உண்டென்பதை அறியாதிருப்பவனும் அவனே. தீங்குக்கு மிக இலக்காகக் கூடியவனையே அப்பேணி தேடிச் செல்கிறது.

எமது மாணவரை எண்ணுக. பெப்ரவரி மாதத்துப் புளோரிடா வெயில் யாழ்ப்பாணத்து மாசி, பங்குனி வெயிலினும் கொடியதன்று. ஓடும் உடல், தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, வியர்வை சொரிந்து வெப்பத்தைக் கழிக்கிறது. ஊக்கப் பொடியோ உள்ளே வெப்பத்தைக் கூட்டி, வெளியே குழாய்களை ஒடுக்குகிறது. அடுப்பை மூட்டிவிட்டுப் புகைக்கூண்டை அடைப்பது போன்றது இது. பிற்பகல் இரண்டு மணிக்கு எமது மைதானத்திலே மூவாயிரம் மீற்றர் ஓடும் மாணவனுக்கு இதனைக் கொடுப்பதை விளையாட்டு உதவி என்று எவ்வாறு அழைப்பது?

2003ஆம் ஆண்டின் முடிவிலே எபெட்ராவுக்குத் தடை அறிவிக்கப்பட்டு, 2004ஆம் ஆண்டு ஏப்பிரல் 12ஆந் திகதி அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. விற்போர் வழக்குத் தொடுத்தனர். 2006ஆம் ஆண்டிலே மேன்முறையீட்டு நீதிமன்றம் தடையை உறுதிசெய்தது. இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. சீன வைத்திய முறைப்படி வைத்தியர் வழங்கும் மா ஹுவாங்கை அத்தடை தொடவில்லை. பேணியைத் தடுத்தார்கள், பரியாரியைத் தடுக்கவில்லை.

அந்த ஒரு செடியோடு கதை முடிந்திருந்தால் இக்கட்டுரைக்கு வேலையில்லை. தடை வந்ததும், எபெட்ரா அற்றது எனப் பெருமையாக எழுதிய பேணிகள் வந்தன. உள்ளே கசப்புத் தோடம்பழத் தோலின் சினெப்ரின். அதுவும் எபெட்ரினுக்கு உறவான பொருளே. பின்பு ஜெரேனியம் என்னும் பூஞ்செடியின் சத்து என்ற பெயரிலே டீ.எம்.ஏ.ஏ. என்னும் பொருள் வந்தது. அது 1940களிலே மூக்கடைப்புக்கென இரசாயனகூடத்திற் செய்யப்பட்ட மருந்து. மூலிகைப் பெயர் அதற்குப் போர்த்திய போர்வை. 2012ஆம் ஆண்டு இலண்டன் மரதன் ஓட்டத்திலே, முடிவெல்லைக்குச் சற்று முன்னர், 30 வயது மங்கை ஒருவர் வீழ்ந்து இறந்தார். கடும் உழைப்போடு அப்பொருளும் சேர்ந்து அவர் இறப்புக்குக் காரணமாயிற்று என விசாரணையிலே தெரியவந்தது. பெயர் மாறிக்கொண்டே இருக்கும். ஆகையினாலே, இந்தப் பேணி ஆகாது, அந்தப் பேணி ஆகும் எனப் பட்டியல் எழுதுவதிலே எனக்கு நம்பிக்கை இல்லை.

உயிருக்குத் தீங்கு நேராதவிடத்தும் பெயருக்குத் தீங்கு நேரும். 1994ஆம் ஆண்டு உலகக் கிண்ண உதைபந்தாட்டத்திலே மரடோனாவின் சிறுநீரில் எபெட்ரின் வகைப் பொருள்கள் காணப்பட்டமையால் அவர் போட்டியினின்று விலக்கப்பட்டார். பயிற்சியாளர் கொடுத்த பானத்தினால் நேர்ந்தது என்றார். விதி அதனை ஏற்கவில்லை. எமது நாட்டிலேயே, 2011ஆம் ஆண்டு உலகக் கிண்ணத் துடுப்பாட்டத்தின்போது உபுல் தரங்கவிடம் தடைசெய்யப்பட்ட ஸ்ரெரொயிட் மருந்து காணப்பட்டது. தோள் நோவுக்கென உண்ட மூலிகை மருந்தின் வாயிலாக அது உட்சென்றது. திறனை வளர்க்கும் நோக்கம் அவருக்கு இருக்கவில்லை என விசாரித்தோர் ஏற்றனர். ஆயினும் மூன்று மாதத் தடை விதித்தனர். அது ஊக்கி அன்றெனினும், மூலிகை என்று கொடுக்கப்படுவதனுள்ளே மூலிகையல்லாததும் இருக்கலாமென்பதற்கு இதனினும் அண்மையான சான்று எமக்கு வேண்டுமா? தேசியப் போட்டிக்குச் செல்லும் எமது மாணவர் இதனை நினைவில் வைத்தல் நன்று.

மைதானத்துக்கு வராத மாணவரையும் மறத்தலாகாது. உயர்தரப் பரீட்சைக்குப் படிப்போர் இரவு முழுவதும் விழித்திருக்கவேண்டி இப்பொடிகளைக் கேட்டு வாங்குகின்றனர் என அறிகிறேன். “தேநீரும் ஊக்கி தானே, சேர்?” என்று ஒருவன் வாதிட்டான். வாதம் நல்லதே. தேநீரும் ஊக்கிதான். ஆனால் ஒரு கோப்பைத் தேநீரில் இருக்கும் கபீன் ஏறத்தாழ 40, 50 மில்லிகிராம். அதுவும் சூட்டோடு மெல்லக் குடிக்கப்படுவது. ஊக்கப் பொடியின் ஒரு கரண்டியிலே 200, 300 மில்லிகிராம் இருத்தலும் உண்டு. அது ஒரே மடக்கில் உட்செல்கிறது. குவாரனா என்ற மூலிகைப் பெயர் சுட்டுத்துண்டிற் கண்டால், அது கோப்பிக் கொட்டையினும் கபீன் மிக்க வித்து என அறிக; கபீன் கணக்கிலே அதனைச் சேர்க்காது விடுவோர் பலர். உறக்கத்திலேதான் படித்தது மனத்திலே பதிகிறது என்பதையும் அம்மாணவனுக்குச் சொன்னேன். அவன் கேட்டானோ இல்லையோ, அன்றிரவு உறங்கியிருப்பான் என நம்புகிறேன், வகுப்பிலே உறங்கவில்லை.

“நான் ஆறு மாதம் குடித்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்பார் பலர். உண்மையாக இருக்கலாம். குடித்தவர் எல்லோரும் வீழ்ந்திருந்தால் இப்பொருளை விற்கவே இயலாது. இருதயத்தசை தடித்தல் போன்ற குறை பிறப்பிலிருந்தே உடையவர் சிலர், அதனை அறியாமலே உதைபந்தாட்டம் ஆடுகின்றனர். யார் அவர் என்பது எமக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. தடிமனுக்கு மருந்துக்கடையில் வாங்கிய குளிசையையும், இழுப்புக்குரிய மருந்தையும் இப்பொடியோடு சேர்த்து உட்கொள்வோரும் உளர். நூறு பேருக்கு வாளாவிருந்த பேணி நூற்றோராவது மாணவனுக்கும் வாளாவிருக்கும் என்று எழுதித்தரும் துணிவு எமக்கு இல்லை. கல்லூரியோ எல்லா மாணவருக்கும் பொறுப்பு.

திருக்குறளிலே மருந்து என்றோர் அதிகாரம் உண்டு. பத்துக் குறளிலும் ஒரு மூலிகையின் பெயர் இல்லை; உண்ட உணவு அற்றதை அறிந்து, அளவோடு உண்ணுதலே அங்கே பெரும்பாலும் பேசப்படுகிறது. பரீட்சைக்காக அதனை மனனஞ் செய்யும் மாணவர் இதனைக் கவனித்திருப்பாரோ அறியேன்.

இனிச் செயலளவிலே சில. கல்லூரியின் பெயராலோ பழைய மாணவர் சங்கத்தின் பெயராலோ ஊக்கப் பொடி எதுவும் மாணவருக்கு வழங்கப்படலாகாது எனச் சங்கம் தீர்மானித்தல் வேண்டும். வெளிநாட்டுக் கிளைகளுக்கும் அதனை அறிவித்தல் வேண்டும். உடற்பயிற்சி ஆசிரியரிடம் காட்டாமல் எந்தப் பேணியும் விளையாட்டறைக்குட் செல்லலாகாது. பயிற்சியின்போது ஒரு மாணவன் நெஞ்சு அடைக்கிறது, தலை இடிக்கிறது, கண் இருட்டுகிறது என்றாலோ, தடுமாறிப் பேசினாலோ, உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, நீரால் நனைத்து, வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. அவன் பேணிப் பொருள் ஏதும் உண்டிருந்தால் அப்பேணியையும் உடன் கொண்டு செல்க. வைத்தியருக்கு அது பெரிதும் உதவும். பையனை ஏசுவது மறுநாட் காரியம். ஏச்சுக்கு அஞ்சி அவன் உண்மையை மறைத்தால் வைத்தியர் இருட்டிலே கைவைக்க நேரும்.

வெளிநாட்டு அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். மைதானத்தின் மேற்கு மூலையிலே நிழல் இல்லை. குடிநீர்க் குழாயும் இல்லை. மாணவர் கிணற்றடிக்கு ஓடி வருகின்றனர், சிலர் வருவதேயில்லை. ஒரு கொட்டகையும் ஒரு நீர்த்தொட்டியும் அமைத்தற்கு ஆகும் செலவைக் கணக்கிட்டு விளையாட்டுக் குழுவிடம் கொடுத்துள்ளேன். இவ்வாண்டு வந்த பேணிகள் நான்கு இன்னும் முத்திரை உடைக்கப்படாமல் அலுமாரியிலே இருக்கின்றன. அனுப்பியவர் மனம் நோகாமல் அவற்றை என்ன செய்யலாமென்று அறிந்தவர் எவரேனும் இருப்பின், செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதுக.